சனிக்கிழமைக் கணக்கு

திருநள்ளாறில் கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு மனை இருக்கிறது. அப்பா விட்டுப்போனது. அதில் லாட்ஜ் கட்டலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ஊரார் தூங்க இடம் கட்டப் போனவன் நிலைமை இது.

ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தைப் பிழைத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டவன். கடனுக்காகப் பேங்கில் கேட்ட காகிதங்களின் பெயரையெல்லாம் மனைவிதான் எழுதித் தந்தாள். ஏழு மாதம் நடந்தேன். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டார்கள். கடைசியில் பேங்க் அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"மனை மட்டும் பத்தாதுங்க. காரைக்கால் வீட்டையும் சேத்து அடமானம் வச்சா பாக்கலாம்."

காரைக்கால் வீடு என் மனைவி பெயரில் இருக்கிறது. அவள் அப்பா கொடுத்தது. அந்த வீட்டில் எனக்குச் சொந்தம் வாசலில் கிடக்கும் செருப்பு மட்டும்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. வளைகுடாவில் கடை வைத்துச் சம்பாதித்துத் திரும்பிய பாய் ஒருவர், என்னைவிட மூத்தவர், பழைய கூட்டாளி. வட்டிக்குக் கொடுக்கமாட்டார், பங்குக்குத்தான் வருவார். ஒரு சனிக்கிழமை காலையில் அவரைக் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினேன். எண்ணெய் வழியும் தலைகளோடு ஜனம் நெரிந்தது.

"சனீஸ்வரன் கோயில்கிட்ட லாட்ஜு. உங்களுக்கு சரிப்படுமா பாய்?"

"தூங்குறவன் எந்த சாமிய கும்புட்டா எனக்கென்ன? லாபத்துல பாதி, நட்டத்துல பாதி. மனையிலயும் பாதி எம்பேர்ல எழுதணும்."

அப்பா மண்ணில் பாதியா! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேங்கே மேல் என்று மனைவியிடம் கையெழுத்துக் கேட்டேன். மூன்று மாடி, இருபத்து நாலு ரூம், எல்லாம் நிறைந்தால் தவணை போக இவ்வளவு மிஞ்சும் என்று விரல்விட்டு எண்ணினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இது எந்த கிழமைக் கணக்குங்க?"

"எல்லா கிழமைக்கும்தான்."

"கையெழுத்து போடுறேன். அதுக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழம அந்த மனையில போயி உக்காந்து பாருங்க."

அந்தப் பக்கத்தில் கடை, லாட்ஜ் என்று கனவு காண்கிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. எங்களுக்கு வாரம் என்றால் ஏழு சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதியம் வரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கும்பகோணம் பஸ் எங்கே நிற்கும் என்றார். இன்னொருவர் கக்கூஸ் எங்கே என்றார். மூன்றாவதாக வந்த நாய் எதுவும் கேட்காமல் என் நாற்காலி நிழலில் படுத்தது. வாடகை தராமல் தங்கிய முதல் ஆள். தவணைக்குக் கிழமை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. தவணை தவறினால் போவது அவள் வீடு.

பாயும் சனிக்கிழமையை மட்டும்தான் பார்த்திருந்தார். போன் போட்டு வரச்சொன்னேன். வந்து, வெறுந்தெருவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத ஏன்டா எங்கிட்ட காட்டுற? காட்டலன்னா பணத்த போட்டிருப்பேனே."

"நட்டத்துலயும் பாதின்னீங்களே பாய். பாத்துட்டே வாங்கிக்குங்க."

சிரித்தார். "மாடி வேணாம். கீழ மட்டும் எட்டு ரூமு. மிச்ச எடத்துல குளிக்க, துணி மாத்த, கக்கூஸு. அதுக்குத்தான் ஆளு வரும். ஆனா மனையில பாதி, அதுல மாத்தமில்ல."

"கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"பேங்க்ல போயி கேளு, கொறைக்கிறாங்களான்னு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப வீட்டுப் பத்திரம்?" என்றாள்.

"பீரோவுலயே இருக்கட்டும்."

அவள் சோறு போட்டாள். அப்பா மண்ணில் பாதி போகிறதே என்று அழலாமா என்று பார்த்தேன். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

பாய் பேருக்குப் பத்திரம் எழுதுகிறவர், "பாதின்னா அளந்து பிரிச்ச பாதியாண்ணே, ரெண்டு பேருக்கும் பொதுவுல பிரிக்காத பாதியா?" என்றார்.

"பிரிக்காததுதான் தம்பி. சீக்கிரம் எழுதுங்க, கால் வலிக்குது."