எஸ்தர் எழுதிய ‘கூப்பிடு’

ஞாயிற்றுக்கிழமை பகலில் எஸ்தரின் கணவர் வேதநாயகத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய கைபேசியில் எஸ்தர்தான் பேசுகிறார் என்று நினைத்து, “சொல்லுங்க எஸ்தர்” என்றேன்.

“எஸ்தரு போயிட்டாங்க, பத்மா” என்றார் வேதநாயகம்.

காலை ஆராதனையின் நடுவே சர்ச்சில் மயங்கிச் சாய்ந்திருக்கிறார். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தவர்.

எஸ்தர் ராணி திருத்தணிக்காரர். நான் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அவரோடு சென்னை ரயிலில் ஏறுவேன். ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சோறு பிசையக்கூட முடியவில்லை. இனி மவுஸைத் தொடாதீர்கள் என்றார் மருத்துவர். வேறு யாராக இருந்தாலும் விடுப்பு கேட்டிருப்பார்கள். எஸ்தர் ரயிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மவுஸே தேவைப்படாத ஒரு செயலியை எழுத ஆரம்பித்தார்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி வரும். வேண்டியதன் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும்; கோப்போ, கணக்குப்பொறியோ, நேற்று எழுதிய கடிதமோ திறந்துகொள்ளும். அதற்கு ‘கூப்பிடு’ என்று பெயர் வைத்தார். இப்படிப்பட்டவை உலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்டேன்.

“கீது. ஆனா எங்க வூட்டுக்காரரு கடையில ‘பட்’னு தமிழ்ல அடிச்சா பட்டா மனு தொறக்குமா?”

தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் வேதநாயகம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பட்டா, வருமானச் சான்று என்று மனுப்போட வருபவர்கள் எப்போதும் பெஞ்சில் காத்திருப்பார்கள். ‘கூப்பிடு’ முதலில் ஓடியது அங்கேதான். பிறகுதான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

அது பேசுவது எஸ்தர் பேசுவது போலவே இருக்கும். தேடியது கிடைக்காவிட்டால், “அப்பிடி ஒண்ணும் இல்லீங்க, இன்னொரு தபா பாருங்க” என்று எழுதிக் காட்டும். எங்கள் முதலாளி அதை வாடிக்கையாளர்களுக்கு விற்க விரும்பினார். இந்தக் கொச்சை வாக்கியங்களை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. “நான் பேசற மாதிரிதான் சார் அது பேசும்” என்றார். விற்பனைப் பேச்சு அத்தோடு நின்றது. அவர் அதற்காக வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அவருடைய கோப்புகளை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. நாங்கள் சேர்ந்து செய்துகொண்டிருந்த வேலையைத் திறக்க, வழக்கம்போல ‘எஸ்தர்’ என்று தட்டினேன். பெட்டி பதில் சொன்னது: “அப்பிடி ஒண்ணும் இல்லீங்க, இன்னொரு தபா பாருங்க.”

அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை.

அந்த வாரமே வேதநாயகம் கடைக்கு வரச் சொன்னார். அவருக்குப் பாதி வேலையில் எழுந்து டீ குடிக்கப் போகும் பழக்கம் உண்டு. தான் சென்னையில் இருந்தாலும் கடையில் அவரைக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி, எஸ்தர் அந்தக் கணினியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி விசையைத் தொட்டால் பெட்டி தானாக வந்து கேட்கும்: “எங்க போயிட்டீங்க? நான் இங்கதான் கீறேன்.”

அடக்கத்துக்குப் பிறகு கடை திறந்த அன்று முதலில் வந்தது அதுதான்.

“கல்லறையிலேர்ந்து வந்தாலும் கேக்குது, பத்மா” என்றார். “ரெண்டு தபா வாய் தொறந்து பதில் சொல்லிட்டேன். பெஞ்சுல இருந்தவங்க என்னையே பாக்கறாங்க. அத்த எடுத்துடுங்க.”

எடுத்தேன். எஸ்தரின் வரியில் கை வைப்பதற்கு எனக்கு அதிக நேரம் பிடித்தது. அழிப்பதற்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று அவரை எழுந்து போகச் சொன்னேன். டீக்கடைக்குப் போய்விட்டு வந்து விசையைத் தொட்டார். பெட்டி வரவில்லை. விரலை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பதான் செத்துட்டா மாதிரி கீது” என்றார்.

திரும்பப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பெஞ்சிலிருந்த திருவாலங்காட்டுப் பெரியவர் ஒருவர், கரும்புத் தோட்டத்துப் பட்டாவில் தன் பெயர் தவறாக இருப்பதாக இரண்டாம் முறையாகச் சொன்னார். வேதநாயகம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை அருகே அழைத்தார். சரியான பெயரைக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடி தட்டச்சு செய்தார். பெரியவர் ஆங், ஆங் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன்.

நீங்கள் தூங்குங்கள், எஸ்தர். கடையில் அவர் இருக்கிறார்.