கயிற்றுக்கு இந்தப் பக்கம்

இரும்பு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு லாரி எங்கள் குவார்ட்டர்ஸ் தெருமுனையில் திரும்பும்போது எழும் கடகட ஓசையை வைத்தே, ஆவடியில் எங்களுக்குக் குடும்ப நாள் நெருங்கிவிட்டது தெரிந்துவிடும். ஆண்டு முழுக்க அப்பாக்களை மட்டும் உள்ளே விடும் தொழிற்சாலை அந்த ஒரு நாள் மனைவி மக்களுக்கும் கதவைத் திறக்கும். எண்ணெயும் இரும்புத் தூளும் மணக்கும் பெரிய கொட்டகைகளுக்குள் வாய் பிளந்தபடி நடந்துவிட்டு, மைதானத்துப் பந்தலில் உட்கார்ந்து பேச்சு கேட்டு, ஆளுக்கொரு லட்டுப் பொட்டலத்துடன் வீடு திரும்புவோம்.

உட்காருவதில் ஒரு முறை இருந்தது. முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள், அதிகாரிகளுக்கு. அடுத்து ஒயர் பின்னிய நாற்காலிகள், மேற்பார்வையாளர்களுக்கு. அதன்பின் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் இரும்பு நாற்காலிகள், மற்ற எல்லோருக்கும். முன்பக்கம் போக நீல அட்டை, பின்பக்கம் மஞ்சள் அட்டை. எங்கள் வீடுகளும் 'டைப் ஒண்ணு', 'டைப் ரெண்டு' என்று அப்படித்தான் பிரிந்திருந்தன. "நீ எந்த டைப்பு?" என்று கேட்ட பிறகுதான் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

எனக்குப் பத்து வயதான வருஷம் அப்பாவுக்கு மேற்பார்வையாளராக, சார்ஜ்மேனாகப் பதவி உயர்வு வந்தது. பெரிய வீடு இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றாலும் நீல அட்டை வந்துவிட்டது. அப்பா அதைச் சாமி படத்தடியில் வைத்தார். அம்மா மட்டும் அதைப் பார்த்ததிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தாள்.

காரணம் எதிர்வீடு. அங்கே சபாபதி என்பவர் மனைவி லலிதாவோடும் ஒரு பெண் குழந்தையோடும் குடியிருந்தார். பூந்தமல்லிக்கு அப்பால் என் அம்மா பிறந்த ஊரில், ஏரிக்கரை வரைக்கும் நிலம் வைத்திருந்த 'பெரிய ஊடு' அவருடையது. அம்மாவின் அப்பனும் பாட்டனும் அந்த நிலத்தில்தான் ஏர் ஓட்டினார்கள். அந்த வாசலுக்கு வெளியே நின்றுதான் கூழ் வாங்கினார்கள். பிறகு பாகப்பிரிவினையிலும் கோர்ட்டு வழக்கிலும் நிலம் கரைந்து மனைகளாக விற்றுப்போக, அந்த வீட்டின் கடைசி வாரிசு பரீட்சை எழுதி எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தது அப்பாவின் கீழ்.

ஆக, காலைச் சங்கு ஊதியதும் என் அப்பா சபாபதிக்கு வேலை சொன்னார். மாலைச் சங்கு ஊதியதும் என் அம்மா சபாபதியைக் கண்டு எழுந்து நின்றாள். எசமானைக் கூப்பிடுவதுபோல் 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டாள். குழாயடியில் லலிதா வந்தால் தன் குடத்தை நகர்த்திக்கொண்டாள். "வேணாம் கன்னியம்மா, நீங்க பிடிங்க" என்று லலிதா சொல்லிப் பார்த்தும் பயனில்லை. "என்னை மாமான்னு கூப்பிடு" என்று சபாபதி எனக்குச் சொல்லியிருந்தார். அப்படி நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவின் கண் என்னைச் சுட்டது. இரண்டு சங்குகளுக்கும் நடுவில் எது உண்மையான கணக்கு என்று புரியாமல் எனக்கு எப்போதும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. அம்மா எழுந்திருப்பதற்கு முன்பே என் கால்கள் பதறின.

"நான் வரல," என்றாள் அம்மா. "அவங்க பின்னாடி குந்திகினு கீறப்போ, நான் முதுகக் காட்டிகினு முன்னாடி குந்துறதா?"

"அது அவன் கிரேடு, இது என் கிரேடு," என்றார் அப்பா. "இதுல இன்னா ஆண்டே கீது? இருபது வருசம் மெஷின்ல நின்னு வாங்குன சேரு அது. நீ வந்து குந்துற."

போனோம். எங்கள் இடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கடைசி வரிசை. அம்மா பட்டுப்புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், சரியாக எங்கள் முதுகுக்குப் பின்னால், சபாபதியும் லலிதாவும்.

அம்மா எழுந்துவிட்டாள். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "மறைக்குதும்மா, குந்து" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா நகர்ந்து போய்ப் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அப்பா மேடையையே பார்த்தார். அவருடைய கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. எங்கள் வரிசையில் இருந்தவர்கள் காலியான நாற்காலியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவமானத்தில் என்னால் உட்கார முடியவில்லை. யோசிக்காமல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து சபாபதியிடம் போனேன்.

"மாமா, நீங்க சொன்னா அம்மா குந்தும். சொல்லுங்க மாமா."

அவர் எழுந்து அம்மாவிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கன்னியம்மா, போய் உக்காருங்க."

"பரவால்ல ஆண்டே."

"எங்கப்பா இருந்தா நீங்க நிக்கலாம். உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு லீவு. எல்லாரும் பாக்குறாங்க. எதுக்கு என்னை இப்படிக் கூனிக் குறுக வைக்கிறீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், நகரவில்லை. அப்போது அவர் குரல் மாறியது. அதுவரை நான் கேட்டிராத குரல். அவருடையதே அல்லாதது போன்ற, கட்டளையிட்டுப் பழகிய குரல்.

"போ. போய் உக்காரு."

அம்மா போய் உட்கார்ந்தாள்.

நான் கேட்டது நடந்துவிட்டது. சபாபதி தம் இடத்துக்குத் திரும்பவில்லை. லலிதாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, லட்டுக்கூட வாங்காமல் வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கேட்டார்: "அவனாண்ட போய் சொல்லச் சொன்னது யாரு?" பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் ஒரு வாரமா சொன்னேன், கேக்கல. அவன் ஒரு வார்த்த சொன்னான், குந்திட்ட" என்றார். நீல அட்டையைக் கிழிக்கவில்லை. எடுத்துப் பரண்மேல் போட்டார்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தபடியே சொன்னாள்: "அவரு அதட்டுனதுக்குக் குந்தல. அவரு கண்ணுல தண்ணி நின்னுகினு இருந்திச்சி. அதுக்குக் குந்துனேன்."

அப்பா நம்பவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் என் உயரத்துக்கு அவருடைய சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. அம்மா சொன்னது நிஜமா, அப்பாவுக்காகச் சொன்னதா என்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வேலைக்குப் போன இடங்களில் மேலதிகாரி உள்ளே வரும்போது எல்லோரும் இயல்பாக எழுந்து நிற்பார்கள். நான் எழுந்தாலும் உறுத்தும், எழாவிட்டாலும் உறுத்தும்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையை இடித்துவிட்டார்கள். அப்பா இல்லை. சபாபதி அவருக்கும் முன்பே போய்விட்டார். அம்மா என்னோடு அம்பத்தூரில் இருக்கிறாள்; லலிதா ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டில். ஞாயிறு தவறாமல் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். "இன்னா லலிதா, மாத்திர போட்டியா?" என்று அம்மா கேட்பது எனக்கு வெகுநாளாகப் பழகிப்போயிருந்தது. 'ஆண்டே' என்ற சொல் எங்கள் வீட்டிலிருந்து எப்போது போனது? அது போகும் நாளுக்காகவே காத்துக் கிடந்தவள் நான். அதே வீட்டில் இருந்தும் கவனிக்கத் தவறியிருக்கிறேன். போன வாரம் அம்மாவிடமே கேட்டேன்.

"லலிதா வூட்டுக்காரரு செத்தப்போ," என்றாள் அம்மா. "காரியம் முடிஞ்சி எல்லாரும் போயிட்டாங்க. என் பேரச் சொல்லிக் கூப்புட இருந்த ஒரே ஆளும் போயிட்டாரு கன்னியம்மா, இனிமே நீ கூப்புடுன்னு அது அழுதிச்சி."

"உடனே கூப்பிட்டியா?"

"எங்க? வாயே வரல. ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் சொல்லாமலே பேசிகினு இருந்தேன். அப்பறம் ஒரு நாளு அது குழாயடியில வழுக்கி வுழப் பாத்திச்சி. லலிதான்னு கத்திட்டேன்."