ஸ்பூனைப் பிடித்த கை

அந்தத் தெருவில் அவளை நர்ஸக்கா என்பார்கள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஞாயிறுகூட லீவு எடுக்கமாட்டாள். தான் ஊட்டாவிட்டால் அவர் பட்டினி கிடப்பார் என்ற பயம்.

ஒரு சாயங்காலம் வீட்டில் கணவனுக்குச் சாப்பாடு வைத்தவள், அவன் கழுத்தில் துண்டைச் சுற்றி, ஸ்பூனை வாயருகே கொண்டுபோனாள். "மெதுவா முழுங்குங்க." லாரி ஓட்டும் அந்த மனுஷன், இது எதுவரை போகும் என்று பார்க்க வாயைத் திறந்தான்.

"இன்னிக்கு மோஷன் போச்சா?"

"போச்சு சிஸ்டர். எனக்கு எந்தப் பக்கம் வாதம்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, திக்கென்றும் இருந்தது. ஆள் மாறியதே தெரியவில்லை. மாத்திரை மாறினால் தெரியுமா? உடனே பெரியவரின் மருமகளுக்கு போன் செய்து லீவு சொன்னாள். மறுநாள் முழுக்கத் தூங்கினாள்.

அடுத்த நாள் மதியம் அவள் ஸ்பூனை எடுக்க, பெரியவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார். கை நடுங்கிப் பாதி சிந்தியது; மீதி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

"இது எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. மருமக போன்ல பேசிட்டிருந்தா. பசிச்சுது, எடுத்துட்டேன்."

"எங்கிட்ட இதெல்லாம் செஞ்சதே இல்லையே?"

"நீ எங்கம்மா விட்ட? முழுங்கறதுக்குள்ள அடுத்த வாய் வந்துடும்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தக் கையையே வேடிக்கை பார்த்தாள்.

"அப்போ வாரத்துல ஒரு நாள் வரமாட்டேன்."

"வராத. அன்னிக்கு சூப் குடிச்சுப் பாக்கறேன்."