நின்றுபோன லிஃப்டில் ஸ்டெல்லா

இன்று காலை ஏரிக்கரை பங்களாவில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே என் மனைவி ஸ்டெல்லா.

போன வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு வியாபாரி கட்டிய பங்களா அது. இப்போது மியூசியம். லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம். (குடை, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.)

மாடியில் அந்த வியாபாரியின் அலுவலக அறை. தேக்கு மேசை, ஏரியைப் பார்த்த ஜன்னல், கதவோரம் பித்தளைக் குமிழ் வைத்த பழைய சுவிட்சுகள். அங்கே எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் நின்று படிப்பவன் நான். ஸ்டெல்லாவுக்கு முட்டி வலி.

"நீங்க படிச்சு பரீட்சை எழுதிட்டு வாங்க. நான் கீழ போறேன்."

காவலாளி அவளை லிஃப்டில் ஏற்றி, கம்பிக் கதவைச் சாத்தினார். சுதந்திரத்துக்கு முன்னால் போட்ட லிஃப்ட், இன்னும் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவளை இறக்கிவிடப் படியில் இறங்கினார். நான் கடைசிக் குறிப்பையும் முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

லிஃப்ட் பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம்.

கீழே ஓடினேன். கம்பி வழியாக, தலைக்கு மேலே, அவளுடைய செருப்பும் புடவைக் கரையும் மட்டும் தெரிந்தன.

"ஸ்டெல்லா, நெஞ்சு வலிக்குதா?"

"வலி இல்ல. வேர்க்குது."

காவலாளி பட்டனை மாற்றி மாற்றி அழுத்தினார். "கரண்ட் இருக்கே சார். இங்க லைட்டெல்லாம் எரியுது. ஏனாயித்தோ, என்ன ஆச்சோ தெரியல."

போன் பேசினார். "மெக்கானிக் வைட்ஃபீல்டுல இருக்கானாம். இந்த டிராஃபிக்ல எப்ப வருவானோ."

மாத்திரை டப்பா என் பையில். கம்பி வழியாக நீட்டிப் பார்த்தேன், கை எட்டவில்லை.

"மேல ஏதாச்சும் தொட்டீங்களா சார்?"

"இல்லை" என்றேன். பொருள்களை யாரும் தொடாமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றைக்கூட உரசாமல் நடந்தவன் நான். ஆனால் சொன்ன பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

மேலிருந்து ஸ்டெல்லாவின் குரல்: "வாச்மேன் தம்பி, ரூமை விட்டு வரும்போது சுவிட்ச் எதையாச்சும் அணைச்சாரான்னு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

சத்தம் கேட்டுக் கூடியிருந்த பார்வையாளர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆனால் கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்தே, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் என் கை தானாகப் போய்விடும். (குளியலறைக்குள் அவள் இருக்கும்போதே அணைத்திருக்கிறேன். பல முறை.)

காவலாளி படியேறி ஓடினார்.

"மூணையும் அணைச்சிருக்கீங்களே சார்! அதுல ஒண்ணு லிஃப்டோட சுவிட்ச்!"

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, முனகிக்கொண்டே இறங்கியது. மாத்திரையை நீட்டினேன். அதை வாங்காமல் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

"வேணும்னு பண்ணல ஸ்டெல்லா."

"தெரியும். அதான் பயமா இருக்கு."

காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாக்கி அறைகளை அவள் என் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டே சுற்றினாள்.

தோட்டத்தில் ஒரு இளம் ஜோடி எங்களைப் போட்டோ எடுத்தது. "இந்த வயசுலயும் கையை விடாம வரீங்களே அங்கிள், சோ ஸ்வீட்" என்றது அந்தப் பெண்.

ஸ்டெல்லா சிரித்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் படம் இணையத்தில் உங்கள் கண்ணில் பட்டால் ஒரு லைக் போட்டுவிடுங்கள். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.