மூவருக்கும் விளங்காத கட்டம்

சென்னையில் அச்சாகும் ஆங்கிலத் தினசரி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும். ரயிலில் வந்து, போடிமெட்டு ஏறி, தபால்காரரின் தோல் பையில் நனைந்து, முதலில் தோட்டத்து மானேஜரான பெரியதுரையின் பங்களாவுக்குப் போகும். அவர் தேயிலை விலையையும் குதிரைப் பந்தயத்தையும் பார்த்துவிட்டு ஆபீசுக்கு அனுப்புவார். ஆபீசில் பெரிய கிளார்க்கு, செத்தவர்கள் யார் யார் என்று மட்டும் படிப்பார். அதன் பிறகுதான் எனக்கு. அதற்குள் சண்டைச் செய்தியும் சட்டசபைச் செய்தியும் ஆறிப்போயிருக்கும். கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்து மட்டும் ஆறாது. யாருமே தொடாத கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக அப்படியே என் மேசைக்கு வரும்.

நான் சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்ன கிளார்க்கு. என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்து கொழுந்து கிள்ளுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்தவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷ் படித்ததற்கு இந்தக் கட்டங்கள்தான் பலன் என்று சொன்னால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுத்து, பகலெல்லாம் கொழுந்து எடைக்கு நின்று, அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டே ஆபீசில் கூட்டல் போட்டு முடிக்கிறவனுக்கு, தனக்கென்று வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

எனக்கு இதைப் பிடிக்க வைத்தவர் தோட்டத்து டிஸ்பென்சரிக் கம்பவுண்டர். மதுரை ஆஸ்பத்திரியில் வேலை பழகியபோது அவருக்குத் தொற்றியது. எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஆள், ஃபாக்டரியில் கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் டீமேக்கர். சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு டிஸ்பென்சரி பெஞ்சில் மூவரும் உட்காருவோம். குறிப்பை நான் வாசிப்பேன். நேரான அர்த்தம் கேட்கிற குறிப்புகள் அல்ல அவை. ஒன்றைச் சொல்வதுபோல் வேறொன்றைச் சொல்லும். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் இன்னொரு சொல் வரும். ஒன்றின் தலையை வெட்டினால் மற்றொன்று நிற்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கொழுந்து நிறைய வந்த ஒரு நாள் டீமேக்கர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். நானும் கம்பவுண்டரும் முழுக் கட்டத்தையும் நிரப்பிவிட்டோம். அவர் கண் விழித்து, நிறைந்த தாளைப் பார்த்துவிட்டு, "நான் எதுக்குப்பா இங்க வந்தேன், விளக்குப் புடிக்கவா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்று முதல் மூவருக்குமே விளங்கிய பதிலை மட்டும்தான் எழுதுவது. தெரிந்தவன் சொல்லவும் கூடாது. கையால் காட்டலாம், அவ்வளவுதான். மற்றவனுக்குத் தானாக விளங்கும்வரை கட்டம் காலியாகவே கிடக்கும். இந்தச் சட்டத்தால் பாதிக் கட்டங்கள் முடியாமலே போயின. அவற்றைக் கம்பவுண்டர் பஞ்சு வைக்கும் பெட்டியில் போட்டு வைத்தார்.

ஒருமுறை வந்த குறிப்பு: உண்பதைக் குலைத்தால் குடிக்கலாம், மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் 'ஈட்' என்பதன் மூன்று எழுத்துகளையே மாற்றி அடுக்கினால் 'டீ' வந்துவிடும். எனக்கும் கம்பவுண்டருக்கும் உடனே தெரிந்துவிட்டது. டீமேக்கருக்குத் தெரியவில்லை. கம்பவுண்டர் தம்முடைய தேத்தண்ணி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். டீமேக்கரும் தம்முடையதைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வே, நீரு நாள் முச்சூடும் எதுல வே கெடந்து உருளுதீரு?" என்றார் கம்பவுண்டர்.

"தூக்கத்துல."

"தூக்கத்துக்கு முன்னால?"

அவர் டம்ளரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அட போங்கப்பா. இருவத்திநாலு மணி நேரமும் மூக்குக்குள்ளயே இருக்கு. அது கட்டத்துக்குள்ளயும் வந்து உக்காரும்னு எவன் கண்டான்?" என்றார். பிறகுதான் அந்த மூன்று எழுத்தையும் எழுதினேன்.

போன மழைக்கு முன்னால் பெரியதுரை லீவில் சீமைக்குப் போனார். பொறுப்பு சின்னதுரையிடம் வந்தது. பேப்பரும் அவர் பங்களாவுக்குப் போனது. சின்னதுரைக்குக் குறுக்கெழுத்து என்றால் உயிர். சின்னக்கானல் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் யார் முதலில் முடிப்பது என்று இருவருக்கும் டெலிபோனில் பந்தயம். தினமும் சின்னதுரைதான் தோற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர், கழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் நான் வரைந்திருந்த கட்டத்தைப் பார்த்துவிட்டார். நீ போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயங்காலம் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் எடை கிளார்க்கு வேலையை விட்டு ஊருக்குப் போய்விட, அவர் இருந்த குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. இரண்டு அறை, பலகைத் தரை, தகரக் கூரை. கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்கு மழைக்காலம் முழுக்கச் சுவர் கசியும். தரையில் ஈரம் காயாது. அம்மாவுக்கு அந்த ஈரத்தில் இருமல் பிடித்து மூன்றாவது மழை அது. குவார்ட்டர்ஸை யாருக்குக் கொடுப்பது என்பது சின்னதுரை கையில் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார் என்று தெரிந்ததும் அப்பா என் சட்டையைத் தாமே வாங்கித் துவைத்துப் போட்டார்.

"வாய மூடிக்கிட்டு நிக்காத, அய்யா. தொர கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லு. வீட்டப் பத்தி நீயா கேக்காத. அவரா குடுப்பாரு."

தினமும் போனேன். வேலை முடிந்து, நனைந்த காலோடு, பங்களா வராந்தாவில் கயிற்று மிதியடி மேல் நிற்பேன். அவர் நாற்காலியில் சாய்ந்து குறிப்பை வாசிப்பார். முதல் நாள் நான், இந்தச் சொல்லைப் பிரித்தால் இப்படி வரும், அதனால்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில், "வார்த்தை மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். மையால் எழுதினார். அடுத்தது. அடுத்தது. முடிந்ததும் டெலிபோனை எடுத்துச் சிநேகிதரிடம் சிரித்துப் பேசத் தொடங்குவார். நான் போகலாம் என்று அர்த்தம். அவர் கெட்டவர் அல்ல. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளச் சாக்குக் கொங்காடி கொடுக்கும்படி ஒருமுறை பட்லரிடம் சொன்னார். ஆனால் அந்த மழை முழுக்க எனக்கு ஒரு நாளில் இரண்டு பிரட்டு நடந்தது. விடியலில் ஆட்களை நான் கணக்கெடுத்தேன். சாயங்காலம் என் தலைக்குள் இருந்ததை அவர் கணக்கெடுத்தார்.

டிஸ்பென்சரிக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. பேப்பரும் ஆபீசுக்கு வரும்போது மையால் நிரம்பியே வந்தது. கம்பவுண்டர் ஒரு மத்தியானம் டெலிபோன் பேச ஆபீசுக்கு வந்தவர் என் மேசை அருகே நின்றார்.

"என்ன வே, தொரைக்கே எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுக்கீராமே. எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?"

"குவார்ட்டர்ஸ் கெடைக்கட்டும், அண்ணாச்சி. அதுக்காகத்தான் நிக்கேன்."

அவர் கேலியை விட்டுவிட்டார். "கெடைக்கட்டும். அம்மைக்கு இருமலு மருந்துக்கு மட்டுப்படுத இருமலு இல்ல. காஞ்ச தரை வேணும். நீரு போரும். பெஞ்சு எங்கயும் ஓடிப் போயிராது" என்றார்.

"டீமேக்கர் அண்ணன் எப்பிடி இருக்காக?"

"அவரா? பஞ்சுப் பெட்டியக் கொட்டி, பழைய கட்டத்தையெல்லாம் எடுத்து வச்சிருக்காரு. ஒண்ணும் வெளங்கல. ஆனா தூங்கல. எனக்குத்தான் தூக்கம் வருது."

மழை உரத்த ஒரு நாளில் அது நடந்தது. அன்று ஓடை பெருகி, ஆட்களைச் சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருந்தேன். வராந்தாவில் நிற்கும்போதே கண் சொருகியது. பாதிக் கட்டம் முடிந்துவிட்டது. சின்னதுரை ஒரு குறிப்பை வாசித்தார்: கீழே இருப்பது உடைந்து ஒரு மூட்டாகிறது, ஐந்து எழுத்து. எனக்கு உடனே தெரிந்தது. 'கீழே' என்பதற்கான 'பிலோ'வின் எழுத்துகளைக் கலைத்தால் முழங்கைக்கான 'எல்போ' வரும். அவருடைய முழங்கையே நாற்காலிக் கையின் மேல் இருந்தது.

வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என் முழங்கையைத் தொட்டுக் காட்டிவிட்டு நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். குறிப்பை மறுபடியும் வாசித்தார். நான் முழங்கையை இரண்டு தட்டுத் தட்டி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசதியில் எனக்கு அது டிஸ்பென்சரி. எதிரே இருப்பவருக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் மனசில் இருந்தது. லேசாகச் சிரித்திருக்கவும் கூடும். டீமேக்கரைப் பார்த்து அப்படித்தான் சிரிப்போம்.

அவர் பேனாவை மூடினார். எனக்குப் பாடம் நடத்துகிறாயா என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் விழித்துக்கொண்டேன். வார்த்தையைச் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் எழுதவில்லை. போகலாம் என்றார். மிச்சக் கட்டங்கள் காலியாக இருந்தன. நான் படியிறங்கிப் பூந்தொட்டிகளைத் தாண்டும்வரை டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் வேறு டிவிஷனிலிருந்து வந்த கிளார்க்குக்குப் போயிற்று. முழங்கையால்தான் போயிற்று என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. அவர் அதற்கு முன்பே அந்த ஆளைத் தீர்மானித்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையாய்யா?"

"சொன்னேம்ப்பா. தாமசமாச் சொன்னேன்."

"ஒரு வார்த்ததான. தெரிஞ்ச வார்த்தயச் சொல்லுததுக்கு என்னய்யா தாமசம்?"

அம்மா அடுப்புப் பக்கமிருந்து, "விடுங்க. அந்த வீட்டுக்கு மேல தகரம். மழை பேஞ்சா காது கிழியும். யாரு தூங்க முடியும் அங்க?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அப்பா பாயைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டார்.

அன்று சாயங்காலம் டிஸ்பென்சரிக்குப் போனேன். இருவரும் பெஞ்சில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. முழங்கை விஷயத்தை நான்தான் சொன்னேன். டீமேக்கர் சிரிக்க ஆரம்பித்து, கம்பவுண்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தொரைக்கும் சேத்துச் சட்டம் போட்டுட்டீராக்கும்" என்றார் கம்பவுண்டர். கொஞ்ச நேரம் மருந்துப் புட்டிகளைத் துடைத்தார். பிறகு, "உள்ள வார்டுல மூலைக் கட்டில் காஞ்சு கெடக்கு. அம்மைய நாளைக்குக் கூட்டிட்டு வாரும். மழை விடுத மட்டும் இங்கயே படுக்கட்டும்" என்றார்.

"மழை விட்ட பெறகு?"

"பெறகு ஈரம் காஞ்சிரும்லா. அடுத்த மழைக்கு அடுத்த மழை பாப்போம்."

அது வீடு இல்லை. இருந்தாலும் காய்ந்த இடம். நான் சரி என்று தலையாட்டினேன். டீமேக்கர் பழைய கட்டம் ஒன்றை விரித்து வைத்தார். முதல் இரண்டு குறிப்புகள் வரை கேட்டது நினைவிருக்கிறது. அதற்குமேல் இல்லை.

விழித்தபோது என் கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் கோடு பதிந்திருந்தது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாளில் ஒரு எழுத்தும் கூடவில்லை.

"ஒண்ணும் வரலையா?" என்றேன்.

"வந்துருக்கு. இவரா கண்டுபுடிச்சாரு. எனக்கும் வெளங்கிட்டு. உமக்காகத்தான் இருக்கோம்" என்றார் கம்பவுண்டர்.

டீமேக்கர் குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். தலை போன ரயில் மேலிருந்து விழும், நாலு எழுத்து. நான் பார்த்தேன். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவர் கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். கூரை இருந்தது. உத்தரம், ஓடு, பல்லி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவர் காட்டிய கையை இறக்கவே இல்லை. அவசரப்படுத்தவும் இல்லை. பிறகு மெதுவாகக் காதைத் தொட்டுக் காட்டினார்.

ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. 'ட்ரெயின்' என்பதன் முதல் எழுத்தை எடுத்தால் மிச்சம் மழைதான்.

"ரெயின்" என்றேன்.

"இருவத்திநாலு மணி நேரமும் காதுக்குள்ளயே இருக்குல்லப்பா, அதான்" என்று சொல்லிவிட்டு டீமேக்கர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். நாலு எழுத்தையும் எழுதினேன். அடுத்த குறிப்பை அவரே வாசிக்கட்டும் என்று தாளை அவரிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.