ஒரு டன்னுக்குக் குறையாமல்

1997 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி. கடப்பாக்கம் உப்பங்கழியின்மேல் பனி இன்னும் கலையவில்லை. என் மைத்துனன் வரப்பில் ஓடி வந்தான். மனைவியின் தம்பி, என் இறால் குளத்துக்கு அடுத்தது அவன் குளம்.

"மாமா, கரையெல்லாம் காக்கா. எறா ஒதுங்கிக்கினு கீது. ஓட்டுல வெள்ளப் புள்ளி."

வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் அன்றைக்கே வலை இழுத்துவிட வேண்டும். உயிரோடு அள்ளினால் ஆலை வாங்கும். மறுநாள் அள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. பூத்துக்குப் போய்ப் பதப்படுத்தும் ஆலைக்குப் போன் செய்தேன். தரகர்களை விலக்கி எங்கள் சிறு குளங்களை நேரே அந்த ஆலையோடு சேர்த்துவிட்டவன் நான்தான். கொள்முதல் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு டன்னுக்குக் கொறஞ்சா வண்டி வராது சார். டீசலுக்கே கட்டாது." மைத்துனனிடம் தேறியது நானூறு கிலோ. அவன் மனைவியின் நகை முழுதும் தீவனத்துக்காக அடகில் இருந்தது.

என் குளத்தில் நோய் காணாத முப்பதாயிரம் இறால். கிலோவுக்கு ஐம்பது நிற்கும் அளவு. இன்னும் ஒரு மாதம் விட்டால் கிலோவுக்கு முப்பதே நிற்கும்படி பெருத்துவிடும், விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பி வந்து வரப்பில் குந்தி, ஐம்பதால் வகுத்தேன்.

"இப்பகூட இன்னா மாமா கணக்கு?" அவன் அழுதபடி கத்தினான்.

"எங்கிட்ட அறுநூறு கிலோ. கூட்டினா ஒரு டன். போய் வலைய எடு."

பதினோரு மணிக்கு லாரி வந்தது. அவன் நகை மீண்டது. எங்களுக்கு அடுத்த குளத்துக்காரர் பொறுத்திருந்தார்; நோய் அங்கே போகவில்லை. அடுத்த மாதம் பெரிய இறாலாக அள்ளினார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மைத்துனன் கேட்டான். "ஒனக்கு எவ்ளோ போச்சி மாமா?"

"கணக்குப் பாக்கலடா."

"பஸ் டிக்கெட்டயே கூட்டிப் பாக்குற ஆளு நீ. எங்கிட்டயே இந்தக் கதயா?" சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். தொகை தெரிந்தால் மாதம் ஐந்நூறாவது கொண்டுவந்து கொடுத்துத் தலைநிமிர்ந்திருப்பான். கொடுத்துவிடுவானே என்றுதான் நான் சொல்லவில்லை.

அதன்பிறகு நான் வெளியே போகும் நேரம் பார்த்து வந்து அக்காவைக் கண்டுவிட்டுப் போனான். அவள் காலமானபின் அதுவும் நின்றது. இப்போது நான் ஊரப்பாக்கத்தில் தனியே இருக்கிறேன். அவன் நாவலூரில் மகன் வீட்டில். போனில் அவன் எண் இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில், பேச ஆள் இல்லாதபோது, தீவனச் செலவைக் கழித்து அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.