அண்ணன், தம்பி, ஒரே ஃபைல்

பாபநாசம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் எனக்கு, உதிரி உதிரியாக வரும் காகிதங்களை ஒரே ஃபைலாக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ‘அனைத்து ஆவணங்களையும் ஒரே பிடிஎஃப்பாகப் பதிவேற்றவும்’ என்ற வரியைப் படித்துவிட்டு நீங்களும் தலையில் கை வைத்தவரென்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

மூலையில் மஞ்சள்

மருமகளைச் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் அனுப்ப, விசா வேலையாக ஓர் அம்மா வந்தார். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலாக வேண்டும். ஸ்கேன் செய்த பத்திரிகையின் நான்கு மூலையும் அழுக்காகத் தெரிந்தது. தொழில் சுத்தம் காட்ட நினைத்து, அதை அழித்துப் பளிச்சென்று வெள்ளையாக்கிக் காட்டினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“மஞ்சளை எடுத்துட்டு அனுப்ப இது என்ன கருமாதிப் பத்திரிகையா? இருந்த மாதிரியே வைம்மா.”

யாருக்குப் பக்கத்தில் யார்?

குறுவை அறுவடை நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் ஒரு விவசாயி வந்தார். அவரும் தம்பியும் அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. நிலம் இறந்துபோன அம்மா பெயரில் இருப்பதால், இரண்டு மகன்களின் ஆதாரும் அம்மாவின் இறப்புச் சான்றிதழும் ஒரே ஃபைலாக ஏறினால்தான் டோக்கன். அதற்குள் மழை பிடித்தால் நெல் முளைத்துவிடும். தம்பியின் ஆதார் வாட்ஸ்அப்பில் எனக்கே நேராக வந்திருந்தது. வாய்க்கால் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

அடுக்கும்போது இரண்டு ஆதாரும் அடுத்தடுத்து விழுந்தன. அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போடாதீங்கம்மா. நடுவுல எங்கம்மா பேப்பரை வைங்க. இருந்தப்பவும் அது நடுவுலதான் இருந்துச்சு.”

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

அண்ணன் டீ குடிக்கப் போனாரோ இல்லையோ, தம்பி உள்ளே வந்தார். கடைத்தெருவில் வாங்கிய புதுப் படுதா தோளில் இருந்தது. ஃபைலை ஏற்றினேன், பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. சுருக்கி மறுபடி ஏற்றினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். அதற்குள் அந்த நெல் என் நெல்லாகவே ஆகிவிட்டிருந்தது. தம்பி கிளம்பினார். சும்மா இருக்க முடியாமல், “உங்க நெல்லை மட்டும் மூடப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“குவியல் ஒண்ணுதானேக்கா. பேசலைங்கிறதுக்காக நெல்லைப் பிரிச்சா கொட்ட முடியும்?”

டோக்கன் வந்தது

ஒருவழியாக ஃபைல் ஏறியது. மறுநாளே டோக்கன் வந்து, நனையாத நெல்லை எடையும் போட்டுவிட்டார்கள். சந்தோஷம் தாங்காமல் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை. தம்பி மட்டும் உள்ளே வந்து அந்த ஃபைலைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அண்ணன் போனுக்கும் நீங்களே அனுப்பிடுங்கக்கா. நான் அனுப்புனா பேசின மாதிரி ஆயிடும்.”

சேர்த்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. சேர்ந்த பிறகும் சேராத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை.